இரண்டு கம்பி போதும் என்ற பொய்

மாதிரி ரயில் தளம் அமைக்க இறங்குபவரின் காதில் முதலில் விழும் வாசகம் இதுதான்: டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கண்ட்ரோல்) கருவி வாங்கிவிட்டால் ஒயரிங் தொல்லையே கிடையாது, தண்டவாளத்துக்கு இரண்டு கம்பி கொடுத்தால் போதும். விற்பவர்கள் சொல்கிறார்கள், பெட்டியோடு வரும் விளக்கத்தாள் சொல்கிறது, பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் புதியவர்களுக்கு இதையே ஓதுகிறார்கள். ஒரு மேசைமேல் முட்டை வடிவத்தில் ஒரே ஒரு எஞ்சின் சுற்றி வரும் தளத்துக்கு இது பொருந்தும். அதைத் தாண்டிய எந்தத் தளத்துக்கும் இது தவறான அறிவுரை. நம்பிச் செய்பவரின் பணத்தையும் ஆர்வத்தையும் சேர்த்து அழிக்கிற அறிவுரையும்கூட.

இந்த வாசகம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதில் இருக்கும் சிறு நியாயம் தெரியும். பழைய நேர்மின் முறையில் தண்டவாளத்தில் எத்தனை வோல்ட் இருக்கிறதோ அதற்கேற்ற வேகத்தில் எஞ்சின் ஓடும். ஒரே தடத்தில் இரண்டு எஞ்சின்களை வைத்தால் இரண்டும் சேர்ந்தே நகரும். தனித்தனியாக ஓட்ட வேண்டுமானால் தடத்தைப் பல பிளாக்குகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கம்பிகளையும் ஒருசேர மாற்றும் ஒரு டிபிடிடி சுவிட்ச் வைத்து, எந்த பிளாக் எந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு சேர வேண்டும் என்று ஓட்டுபவரே மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். 1980களின் இறுதியில் ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கி, 1990களில் அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் தர நிர்ணயமாக ஏற்றுக்கொண்ட டிசிசி முறை இந்தத் தொல்லையை நீக்கியது. தண்டவாளத்தில் எப்போதும் ஏறத்தாழ 15 வோல்ட் முழுமையாக இருக்கும். அதன் துருவம் இடைவிடாமல் மாறிக்கொண்டிருக்கும். அலையின் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ விநாடி நீண்டால் ஒன்று, 100 மைக்ரோ விநாடியோ அதற்கு மேலோ நீண்டால் சுழி. இப்படி அனுப்பப்படும் கட்டளையை எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் படித்து, தனக்கு வந்தது என்றால் மட்டும் மோட்டாரை ஓட்டும்.

ஆக, நீங்கியவை பிளாக் சுவிட்சுகளும் அவற்றுக்குப் போன கம்பிகளும். மின்சாரத்தைத் தண்டவாளத்தின் கடைசி அங்குலம் வரை குறையாமல் கொண்டுபோகும் வேலை நீங்கவில்லை. அந்த வேலை முன்பைவிடக் கடுமையானது என்பதே உண்மை. பழைய முறையில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு ஆம்பியர் அளவில் கொடுத்தது. டிசிசியில் தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் பெரும்பாலும் 5 ஆம்பியர் கொடுக்கிறது. ஐந்து மடங்கு மின்னோட்டத்தைத் தளத்துக்குள் செலுத்திவிட்டு, கம்பியைக் குறைக்கலாம் என்று சொல்வதில் என்ன கணக்கு இருக்கிறது?

எடுத்துக்காட்டை உள்ளூரிலிருந்தே எடுக்கலாம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு வரும் ரயில்பாதை 1879இல் மீட்டர்கேஜில் திறக்கப்பட்டு, 2004இல் அகலப்பாதையாக மாறியது. நீளம் சுமார் 38 கிலோமீட்டர். 1:87 அளவான எச்ஓ முறையில் அதை முழுமையாகச் செய்தால் 430 மீட்டருக்கு மேல் நீளும். ஆகவே வீட்டில் யாரும் முழுதாகச் செய்ய மாட்டார்கள். புதுச்சேரி நிலையத்தையும் வில்லியனூரையும் வைத்து, மற்றதைச் சுருக்குவார்கள். கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டின் மாடி அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி, சுவரோரமாகப் பலகை என்று கொள்வோம். கதவை விட்டுவிட்டால் ஏறத்தாழ 10 மீட்டர் தடம் கிடைக்கும். புதுச்சேரி நிலையத்தில் பாதை முடிந்துவிடுவதால் ஒரு முனையில் முட்டுக்கட்டை வரும். மறுமுனையில், ரயில் விழுப்புரம் போய்த் திரும்பியதுபோலக் காட்ட, மலைக்கோ பலகைக்கோ அடியில் மறைவான ஒரு திரும்பு வளையம் வரும். இந்த எளிய வரைபடம் ஒன்றே இரண்டு கம்பி வாதத்தின் ஒவ்வொரு ஓட்டையையும் காட்டப் போதுமானது.

முதல் ஓட்டை தண்டவாளம். இரண்டு கம்பி வாதம் தண்டவாளத்தையே மின்கம்பியாக எண்ணுகிறது. இன்றைய மாதிரித் தண்டவாளங்கள் நிக்கல் சில்வரால் ஆனவை. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. வெள்ளி துளியும் இல்லை. செம்பைவிட அதன் மின்தடை பதினைந்து மடங்குக்கும் மேல். கோடு 83 என்ற வகைத் தண்டவாளம் சுமார் 2.1 மில்லிமீட்டர் உயரம் உள்ளது. அதன் குறுக்குப் பரப்பை 2 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மின்சாரத்தைக் கடத்துவதில் அது 0.12 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குச் சமம். கையில் எடுத்தால் கனமான உலோகம். வேலையில், ரேடியோவுக்குள் ஓடும் மெல்லிய ஹூக்கப் கம்பி. மீட்டருக்கு ஏறத்தாழ 0.15 ஓம். நிலையத்தின் முனையில் மட்டும் இரண்டு கம்பியைக் கொடுத்துவிட்டால், 10 மீட்டர் தள்ளியிருக்கும் வளையத்துக்குப் போகவும் வரவும் 20 மீட்டர் தண்டவாளம், அதாவது 3 ஓம். விளக்கெரியும் பெட்டிகளோடு இரண்டு ரயில்கள் அங்கே ஒன்றரை ஆம்பியர் இழுத்தால் 15 வோல்ட்டில் நாலரை வோல்ட் வழியிலேயே போய்விடும். நிலையத்தில் துள்ளிப் புறப்பட்ட எஞ்சின் வளையத்தில் தள்ளாடும். வாங்கியவர் எஞ்சினைக் குறை சொல்வார், டிகோடரைக் குறை சொல்வார். கம்பியைச் சந்தேகிக்க மாட்டார், ஏனென்றால் கம்பி போதும் என்று அவருக்கு முன்பே சொல்லியாகிவிட்டது.

மேலே போட்ட கணக்கு இணைப்பான்களைக் கணக்கில் எடுக்கவில்லை. வளைக்கக்கூடிய தண்டவாளம் ஒரு கஜத் துண்டுகளாக வருகிறது. 10 மீட்டருக்குப் பதினொரு துண்டு, பக்கத்துக்குப் பத்து இணைப்பு, மொத்தம் இருபது. ஒவ்வொன்றும் தண்டவாளத்தின் அடிப்பாகத்தைக் கவ்விப் பிடிக்கும் ஒரு மெல்லிய தகடு, அவ்வளவுதான். கருவடிக்குப்பம் வங்கக்கடலிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. சன்னலைத் திறந்தால் உப்புக்காற்று வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சுவரே வியர்க்கும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரியருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. இப்படிப்பட்ட ஈரத்தில் தகட்டுக்கும் தண்டவாளத்துக்கும் இடையே கறை படியும். வண்ணம் பூசும்போதும், ஜல்லி ஒட்டப் பசை தெளிக்கும்போதும் அது இணைப்புக்குள் இறங்கும். புதிதாகப் போட்ட தடத்தில் எல்லாம் சரியாகவே ஓடும். அதனால்தான் இந்த அறிவுரை இன்னும் உயிரோடு இருக்கிறது. இரண்டாவது மழைக்காலத்தில் உண்மை தெரியவரும்போது, அறிவுரை சொன்னவர் பக்கத்தில் இருப்பதில்லை.

இணைப்புகள் எல்லாவற்றையும் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டால் தீர்ந்தது என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. வளைவுகளில் அப்படிச் செய்வது நல்லது. ஆனால் தடம் முழுக்கச் செய்தால் வேறு கேடு வரும். நிக்கல் சில்வர் வெப்பத்தில் நீளும்; 10 மீட்டருக்கு 15 டிகிரி வேறுபாட்டில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில் மே மாதப் பகலுக்கும் டிசம்பர் இரவுக்கும் இடையே அதைவிட அதிக வேறுபாடு இருக்கும். பலகை ஈரத்தில் உப்புவதும் வறண்டு சுருங்குவதும் இதற்கு மேல். விட்டுக்கொடுக்க இடமில்லாத தடம் பக்கவாட்டில் நெளியும், சிலிப்பர்களைப் பிய்த்துக்கொண்டு எழும்பும். ஆகவே சில இணைப்புகள் அசைய விடப்பட்டாக வேண்டும். அசையும் இணைப்பு நம்பத்தக்க மின்தொடர்பாக இருக்க முடியாது. அசைவை இணைப்பான் பார்த்துக்கொள்ளட்டும், மின்சாரத்தைத் தனிக்கம்பி பார்த்துக்கொள்ளட்டும் என்று வேலையைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

உண்மையான ரயில்வே இதை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அறிந்திருக்கிறது. வில்லியம் ராபின்சன் 1872இல் கண்டுபிடித்த டிராக் சர்க்யூட் முறையில், தண்டவாளத்தின் வழியே சிறு மின்னோட்டம் ஓட்டி, அந்தத் தடத்தில் ரயில் நிற்கிறதா என்று அறிகிறார்கள். அங்கே இரண்டு தண்டவாளங்களை ஃபிஷ்பிளேட்டும் தடித்த போல்ட்டுகளும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. இருந்தும் மின்தொடர்புக்கு அதை நம்புவதில்லை. ஒவ்வொரு இணைப்பையும் தாண்டிப் பாண்டு கம்பி அடிக்கிறார்கள். கை அகல இரும்புப் பட்டையை நம்பாத இடத்தில், நகத்தளவு தகட்டை நம்பச் சொல்வது எந்த வகை அறிவுரை?

சரியான முறை தெரிந்ததுதான். பலகைக்கு அடியில் தடத்தின் நீளம் முழுக்க இரண்டு தடித்த முதன்மைக் கம்பிகள் ஓட வேண்டும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் ஒரு மெல்லிய கிளைக் கம்பி இறங்கி அவற்றில் சேர வேண்டும். மேற்சொன்ன 10 மீட்டர் தளத்துக்கு முதன்மைக் கம்பியாக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டால், போகவர 20 மீட்டருக்கு மின்தடை 0.16 ஓம், முழு 5 ஆம்பியர் ஓடினாலும் இழப்பு ஒரு வோல்ட்டைத் தொடாது. 1.5 சதுரத்தில் அது ஒன்றேகால் வோல்ட்டுக்குச் சற்று மேல் போகும். கடையில் மலிவாகக் கிடைக்கும் 14/36 கம்பியை, அதாவது 36ஆம் எண் இழை பதினான்கு சேர்ந்த கம்பியை, முதன்மைக் கம்பியாகப் போட்டால் நான்கு வோல்ட்டுக்கு மேல் போய்விடும். அதே 14/36 ஒரு சாண் நீளக் கிளைக் கம்பிக்குத் தாராளமாகப் போதும். பூஸ்டரை ஒரு முனையில் வைக்காமல் தளத்தின் நடுவில் வைத்தால் ஒவ்வொரு கைக்கும் 5 மீட்டர்தான், இழப்பு பாதியாகும். இந்த ஒரு மாற்றத்துக்குக் காசு செலவில்லை.

கம்பி வாங்கும்போது அளவை மட்டும் பார்த்தால் போதாது. அலுமினிய இழைக்குமேல் செம்புப் பூச்சு பூசிய கம்பி செம்பைப்போலவே மின்னும், விலை குறைவு. அதன் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். நாலு தடவை மடக்கினால் ஒடியும். ஈயம் சரியாகப் பிடிக்காது. பிளேடால் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும். வீட்டு ஒயரிங்குக்கான ஐஎஸ் 694 முத்திரை உள்ள இழைக்கம்பியே இந்த வேலைக்கு நல்லது. சிவப்பு, கறுப்பு, பச்சை ஆகியவை வீட்டு மின்சாரத்தில் பொருள் உள்ள நிறங்கள். மாடி அறையில் பின்னொரு நாள் வேலை பார்க்க வரும் எலக்ட்ரீஷியன் குழம்பாமல் இருக்க, தளத்துக்கு வேறு நிறங்களை எடுப்பதே பொறுப்பான செயல்.

இங்கே எதிர்த்தரப்பு தன் நவீன வாதத்தை எடுக்கும்: டிசிசி என்பது டிஜிட்டல், ஒன்றும் சுழியும் வந்து சேர்ந்தால் போதும், வோல்ட் குறைந்தால் என்ன? கட்டளை மட்டுமே அந்தக் கம்பியில் போயிருந்தால் இதை ஒப்பலாம். டிசிசியில் கட்டளையும் மோட்டாரை ஓட்டும் ஆற்றலும் ஒரே கம்பியில் ஒன்றாகப் போகின்றன. டிகோடர் கட்டளையைச் சரியாகப் படித்துவிட்டு, கையில் இருக்கும் பத்து வோல்ட்டை வைத்துத்தான் மோட்டாரை ஓட்ட முடியும். கட்டளையும்கூட எப்போதும் ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை. துருவம் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மாறும்போது நீண்ட கம்பியின் மின்தூண்டல் அலைவிளிம்பில் கூர்முனைகளை எழுப்பும். 10 மீட்டரைத் தாண்டும் கம்பிகளில் இது டிகோடரையே சேதப்படுத்தலாம். இரண்டு முதன்மைக் கம்பிகளையும் அடிக்கு மூன்று நான்கு முறுக்கு வீதம் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோவதும், கடைக்கோடியில் 100 ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டரும் தொடராக வைப்பதும் இதற்கு மருந்து. அந்த மின்தடை கால் வாட் வகையாக இருந்தால் கருகிவிடும். முக்கால் வாட் அளவுக்கு அதில் வெப்பமாக இறங்குவதால் 2 வாட் வகையை வாங்க வேண்டும்.

இதுவரை சொன்னவை ரயில் சரியாக ஓடாததைப் பற்றியவை. அடுத்தது தீயைப் பற்றியது. இந்த விவாதம் முழுவதிலும் இதுவே முக்கியமான இடம். ரயில் தடம்புரண்டு உலோகச் சக்கரம் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்தால் ஷார்ட் ஆகும். 5 ஆம்பியரைத் தாண்டியதும் பூஸ்டர் தானாக நிறுத்திக்கொள்ளும்; அதை நம்பித்தான் எல்லாரும் ஓட்டுகிறார்கள். இரண்டு கம்பித் தளத்தின் கடைக்கோடியில் ஷார்ட் ஆனால் என்ன நடக்கும்? தண்டவாளத்தின் 3 ஓம், இணைப்பான்களின் அரை ஓம், மொத்தம் மூன்றரை. 15 வோல்ட்டை மூன்றரையால் வகுத்தால் 4.3 ஆம்பியர். பூஸ்டரின் எல்லைக்குள்தான் இருக்கிறது. நிறைய ரயில் ஓடுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டு அது தொடர்ந்து கொடுக்கும். அறுபது வாட்டுக்கு மேற்பட்ட ஆற்றல் தண்டவாளத்திலும் தகடுகளிலும் சக்கரத் தொடர்பிலும் வெப்பமாக இறங்கும். ஒரு சால்டரிங் அயனைச் செருகி, பிளாஸ்டிக் சிலிப்பர்மேல் வைத்துவிட்டுப் போவதற்கு இது சமம். எஞ்சினின் அடிச்சட்டம் உருகும், டிகோடர் போகும், மறைவான வளையத்தில் நடந்தால் புகை வரும்வரை தெரியாது. போதாத கம்பி ரயிலை மெதுவாக்குவதோடு நிற்கவில்லை. காவலுக்கு வைத்த கருவியின் கண்ணையும் கட்டிவிடுகிறது.

இதைச் சோதிக்கக் கருவியே வேண்டாம். தளத்தில் எஞ்சின்களை எடுத்துவிட்டு, ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வைக்க வேண்டும். பூஸ்டர் அந்தக் கணமே நின்றால் அந்த இடம் சரி. நிற்கவில்லை என்றால் நாணயத்தை உடனே எடுத்துவிட்டு, அங்கே கிளைக் கம்பி சேர்க்க வேண்டும். அடிக்கு ஓரிடமாக, தடம் பிரியும் பாயின்ட்டுகளின் இருபுறமும், வளையத்துக்குள்ளும் இப்படி வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கம்பி போதும் என்று எழுதுபவர்கள் எல்லாரும் தங்கள் தளத்தின் தொலைமுனையில் இந்த நாணயத்தை ஒரு தடவை வைத்துப் பார்த்திருந்தால், அந்த வாசகம் என்றைக்கோ வழக்கொழிந்திருக்கும்.

இனி திரும்பு வளையம். புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட தடம் வளைந்து தன்மேலேயே வந்து சேரும்போது, இடப்பக்கத் தண்டவாளம் வலப்பக்கத் தண்டவாளத்தோடு முட்டுகிறது. மின்சாரம் கொடுத்த கணமே ஷார்ட். இதில் டிசிசி, பழைய நேர்மின் முறை என்ற வேறுபாடு இல்லை. இரண்டு தண்டவாளங்களும் இரு வேறு முனைகளாக இருக்கும் எந்த முறைக்கும் இது பொது. மெர்க்லின் நிறுவனத்தின் தடத்தைப் போன்ற, நடுவில் தனிக் கடத்தி உள்ள முறைகளில் இந்தச் சிக்கல் எழாது, ஏனென்றால் மெர்க்லின் தடத்தில் வெளித் தண்டவாளங்கள் இரண்டும் ஒரே முனை, நடுவில் உள்ள குமிழ்வரிசை மறுமுனை. மற்றவர்கள் எல்லாரும் வளையத்தின் இரு முனைகளிலும் இரு தண்டவாளங்களையும் வெட்டி, பிளாஸ்டிக் இணைப்பான் வைத்து, வளையத்துக்குத் தனியாக இரண்டு கம்பி கொடுத்தாக வேண்டும். அந்த இரண்டு கம்பி ஒரு டிபிடிடி சுவிட்ச் வழியாகவோ தானியங்கித் துருவமாற்றி வழியாகவோ வர வேண்டும். துருவமாற்றி, சக்கரம் வெட்டைத் தாண்டும்போது உண்டாகும் ஷார்ட்டை உணர்ந்து, பூஸ்டர் நிற்பதற்கு முன்பே வளையத்தின் துருவத்தைத் திருப்பிவிடும். அது உணர்வதற்கும் அந்த ஷார்ட்டில் போதிய மின்னோட்டம் ஓட வேண்டும். ஒல்லியான கம்பியில் துருவமாற்றியும் குருடாகும். வெட்டிய பகுதி, ஓடும் ரயில்களில் மிக நீளமானதைவிட நீளமாக இருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். எஞ்சினும் கடைசிப் பெட்டியும் ஒரே நேரத்தில் இரு முனை வெட்டுகள்மேல் நின்றால் எந்தத் துருவமும் சரியாக அமையாது.

பாயின்ட்டுகளுக்கு வந்தால் இரண்டு கம்பி வாதம் இன்னொரு வழியில் தோற்கிறது. பாயின்ட் மோட்டார்களையும் அவற்றை இயக்கும் டிகோடர்களையும் தண்டவாளத்து மின்சாரத்திலேயே ஓட்டலாம், வேறு கம்பி வேண்டாம் என்கிறார்கள். பாயின்ட் தவறான பக்கம் இருக்கும்போது ரயில் அதற்குள் நுழைந்தால் ஷார்ட் ஆகும், பூஸ்டர் நிற்கும். பாயின்ட்டைத் திருப்பினால் ஷார்ட் நீங்கிவிடும். ஆனால் திருப்ப வேண்டிய டிகோடருக்கு மின்சாரம் இல்லை. கையை விட்டு எஞ்சினைத் தூக்க வேண்டியதுதான், அதுவும் மறைவான தடத்தில் என்றால் பலகையைக் கழற்ற வேண்டும். துணைக்கருவிகளுக்கென்று தனியாக 12 வோல்ட் ஜோடி ஒன்று தளம் முழுக்க ஓடியிருந்தால் இந்த முட்டுச்சந்து வராது. நிலைய விளக்குகள், சிக்னல்கள், பாயின்ட்டுகள் எல்லாம் அதில் சேரலாம். 12 வோல்ட்டில் ஒவ்வொரு எல்இடிக்கும் ஒரு கிலோஓம் மின்தடை வைத்தால் பத்து மில்லிஆம்பியர் அளவில் நீண்டகாலம் எரியும். பீக்கோ வகைச் சுருள் மோட்டார்கள் ஒரு கணம் சில ஆம்பியர்களை இழுப்பவை. அவற்றுக்குக் கெபாசிட்டரில் சேமித்து ஒரே அடியாகக் கொடுக்கும் சர்க்யூட் வேண்டும். இல்லாவிட்டால், பொத்தான் சிக்கிக்கொண்ட ஒரு நாளில் சுருள் கருகும். டார்ட்டாய்ஸ் போன்ற மெதுவான மோட்டார்கள் இருபது மில்லிஆம்பியருக்குள் அடங்கும். அவற்றிலேயே இருக்கும் துணைத் தொடர்புகள், பாயின்ட்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும் உலோகக் கிராசிங்குக்கு எந்தப் பக்க மின்சாரம் போக வேண்டும் என்பதையும் மாற்றித் தரும். அந்தக் கிராசிங்குக்கு ஒரு கம்பி. அதைக் கொடுக்காதவர்களின் சிறு எஞ்சின்கள்தான் ஒவ்வொரு பாயின்ட்டிலும் விக்கி நிற்கின்றன.

கம்பி கூடினால் இணைப்பும் கூடும், இணைப்பு கூடினால் பழுதும் கூடும் என்பது எதிர்த்தரப்பின் கடைசி வாதம். அதில் பொருள் உண்டு. முறுக்கி டேப் சுற்றும் வழக்கம் இருக்கும்வரை உண்டு. புதுச்சேரி வெயிலில் இன்சுலேஷன் டேப்பின் பசை ஒரு கோடைக்கு மேல் தாங்காது, முறுக்கின் செம்பு உப்புக்காற்றில் பச்சை பிடிக்கும். அதைவிடக் கேடானது, தகர வேலைக்கான அமில ஃப்ளக்ஸைக் கொண்டு பற்றவைப்பது. அதிலுள்ள துத்தநாகக் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்து, இணைப்பை உள்ளிருந்து தின்னும். ரோசின் உள்ளீடு கொண்ட 60/40 ஈயம் மட்டுமே இங்கே செல்லும். கம்பியோடு கம்பி சேர்க்க 25 வாட் அயன் போதும். தண்டவாளத்தில் வைக்க அது போதாது. தண்டவாளம் வெப்பத்தை இழுத்துக்கொண்டே போக, கை அழுத்திக்கொண்டே இருக்க, சிலிப்பர் உருகும். 60 வாட் அயனின் தட்டையான முனையை, முன்கூட்டி ஈயம் பூசிய இடத்தில் இரண்டு விநாடி வைத்து எடுப்பதே பாதுகாப்பு. கிளைக் கம்பி முதன்மைக் கம்பியில் சேருமிடத்தில் திருகு கனெக்டரோ நெம்புகோல் கனெக்டரோ வைக்கலாம். லக் போட்டு கிரிம்பிங் கருவியால் அழுத்தினால் இழைகள் சிதறாது. கட்டிங் பிளேயரால் நசுக்கியது கிரிம்பிங் ஆகாது. ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை ஈயம் வைப்பதற்கு முன்பே கம்பியில் கோத்துவிட வேண்டும். இப்படிச் செய்த இணைப்பு பத்து மழைக்காலம் நிற்கும். இருபது தகட்டு இணைப்பான்களுக்கு இந்த உறுதியைக் கொடுக்க யாராலும் முடியாது.

சுவரில் இருக்கும் 230 வோல்ட் பக்கத்தைப் பற்றி இரண்டு கம்பி வாதம் வாயே திறப்பதில்லை. பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் நிறைந்த ஊர் புதுச்சேரி. அங்கிருந்து ரயில் பெட்டிகள் பரிசாக வருவது இயல்பு. பிரான்சின் மின்சாரமும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கேடில்லை. அமெரிக்கப் பெட்டியை அப்படிச் செருகினால் போய்விடும். பிளக் விஷயம் வேறு. ஐரோப்பியத் தட்டைப் பிளக்கின் ஊசி 4 மில்லிமீட்டர். நம் ஐந்து ஆம்பியர் சாக்கெட்டின் துளை 5.1 மில்லிமீட்டர் ஊசிக்கானது. செருகினால் உள்ளே போகும், ஆனால் தளர்ந்து நின்று பொறி பறக்கும், சாக்கெட் கருகும். இறுகப் பிடிக்கும் அடாப்டர் ஒன்று தேவை, அந்த அறைக்கு மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி தேவை. தளத்தின் பலகைகளைக் கழற்றி மாட்ட வசதியாக வீட்டு மூன்றுமுனைப் பிளக்கையே தண்டவாளக் கம்பிக்குப் பயன்படுத்துபவர்கள் உண்டு. குழந்தை ஒன்று அதைச் சுவர் சாக்கெட்டில் செருகினால், கையெட்டும் உயரத்தில் இருக்கும் தண்டவாளத்தில் 230 வோல்ட் வரும். இது எந்தச் சூழ்நிலையிலும் செய்யக்கூடாத செயல்.

இவ்வளவு பொருளுக்கும் வெளிநாட்டை நம்ப வேண்டும், அதனால்தான் இரண்டு கம்பியோடு நிறுத்திக்கொள்கிறோம் என்பது பொருந்தாத சாக்கு. துருவமாற்றியையும் டிகோடரையும் தவிர, ஒயரிங்குக்கென்று மேலே வந்த எல்லாமே வீட்டு ஒயரிங் கடையிலும், சென்னை ரிச்சி தெருவைப் போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவிலும் கிடைப்பவை. டிசிசி கட்டளைக் கருவியையேகூட ஆர்டுயினோ மெகா பலகையும் மோட்டார் ஷீல்டும் கொண்டு, டிசிசி-இஎக்ஸ் என்ற திறந்தமூல நிரலை ஏற்றி, வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வழக்கமான எல்298 ஷீல்டு ஒரு வழிக்கு 2 ஆம்பியர்தான் தரும். சிறு தளத்துக்கு அது போதும். எல்லை தாழ்வாக இருப்பதால் ஷார்ட்டையும் எளிதில் பிடிக்கும். 5 ஆம்பியர் பூஸ்டருக்கு மாறும் நாளில்தான் கம்பியின் கணக்கு முழுதாக மேலே வரும். அந்த நாளை எதிர்பார்த்து முதலிலேயே 2.5 சதுரக் கம்பி இழுத்துவிடுவது, ஜல்லியும் புல்லும் ஒட்டி முடித்த தளத்தைப் பிறகு கவிழ்த்து வேலை செய்வதைவிட மலிவு.

வேலையின் வரிசையும் இதையொட்டியே அமைய வேண்டும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டையும் பதித்ததும் அதன் கிளைக் கம்பியை இறக்கி, மல்டிமீட்டரின் பஸர் நிலையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே ஒலி வராததைப் பார்த்துவிட்டே அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்தபின் பார்த்தால் ஷார்ட் எங்கே என்று தேட இருபது இடம் இருக்கும். துண்டுக்குத் துண்டு பார்த்தால் ஒரே இடம்தான். சாதாரண மல்டிமீட்டரின் ஏசி அளவு 50 ஹெர்ட்ஸ் அலைக்கானது என்பதால் டிசிசி வோல்ட்டை அது துல்லியமாகக் காட்டாது. ஆனாலும் நிலையத்தில் காட்டும் எண்ணையும் வளையத்தில் காட்டும் எண்ணையும் ஒப்பிட்டு இழப்பை அறிய அதுவே போதும். தண்டவாளத்தில் ஒரு கார் பல்பையோ பத்து ஓம், 25 வாட் மின்தடையையோ சுமையாக வைத்துவிட்டுத்தான் அந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டும். சுமை இல்லாமல் அளந்தால் எவ்வளவு மோசமான இணைப்பும் முழு வோல்ட்டைக் காட்டும். கடற்கரை ஊரில் இந்த அளவீட்டையும் நாணயச் சோதனையையும் ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் ஒரு தடவை திரும்பச் செய்து, எண் இறங்கியிருக்கும் இடத்தில் இணைப்பைக் கழற்றிப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும்.